கொப்பி இருக்கிறது, எழுத்தைக் காணோம்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளருக்குக் கொடுத்த நீட்சியும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், இன்டெல் மெஷின் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறைச் செயலியும், டிபிஎம் 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்துப் பாடசாலைகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் தோட்ட ஆபீஸ்களிலும் வருடக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மெஷின்கள் பலவற்றில் இவை கிடையாது. ஆகவே இது மெஷின் மாற்றும் காலம். சிலர் செகண்ட் ஹேண்டாக வேறொன்று வாங்குகிறார்கள். சிலர் இருப்பதையே ஃபோர்மட் அடித்து வேறு சிஸ்டம் போடுகிறார்கள்.

தமிழில் வேலை செய்பவர்களின் ஃபைல்களுக்கு ஆபத்தான நேரமும் இதுதான்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் பத்து, பதினைந்து வருடமாகத் தட்டிச் சேர்த்த புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், அதிபருக்கு எழுதிய கடிதங்கள், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏறுகின்றன. புது மெஷினில் இறங்குகின்றன. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. வினாத்தாளைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் தாறுமாறாகக் கிடக்கின்றன. கடைப் பையன் எட்டிப் பார்த்து, "வைரஸ் மிஸ், ஃபைல் எல்லாம் கரப்ட்" என்கிறான். நல்ல மனதோடுதான் சொல்கிறான். அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டத் தொடங்குகிறார்கள்.

அந்த ஃபைலில் ஓர் எழுத்துக்கூடப் பழுதாகவில்லை. அதை வாசிக்கத் தேவையான பாமினி எழுத்துரு மட்டும் புது மெஷினில் இல்லை.

இலங்கையில் தமிழ் டைப்செட்டிங் பல ஆண்டுகளாகப் பாமினியில்தான் நடந்தது. கல்யாணப் பத்திரிகை, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பாடசாலை நினைவு மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான். இன்றும் பல கடைகளில் அதுதான் ஓடுகிறது. இதன் வேலை எளிமையானது. கணினிக்குத் தமிழ் தெரியாத காலத்தில், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். 'தமிழ்' என்று பாமினியில் தட்டினால் கணினி சேமித்து வைப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். ஜேயின் இடத்தில் 'த' வரையப்பட்டிருக்கிறது, கேயின் இடத்தில் 'ம', பியின் இடத்தில் இகர விசிறி, ஓவின் இடத்தில் 'ழ', அரைப்புள்ளியின் இடத்தில் மெய்க்குரிய புள்ளி. எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழ். இல்லாவிட்டால் ஐந்து அந்நியக் குறிகள்.

யூனிகோடில் இதே சொல் வேறு விதமாகச் சேமிக்கப்படுகிறது. த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என்ற ஐந்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஐந்து எண்கள் இருக்கின்றன. அந்த எண்கள் தமிழுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. வேறெந்த மொழிக்கும் உரியவை அல்ல. எந்த யூனிகோட் தமிழ் எழுத்துருவில் திறந்தாலும் அது தமிழாகத்தான் வரும். இணையத்தில் பெரும்பாலும் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் இந்தச் சொல்லுக்கு 15 பைட் இடம் போகும். பாமினியில் 5 பைட்தான். பழைய கணினிகளில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அதை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை.

விண்டோஸ் 2000இல் 'லதா' என்ற எழுத்துருவோடு யூனிகோட் தமிழ் வந்துவிட்டது. எக்ஸ்பியில் அதை இயக்க, கொன்ட்ரோல் பெனலுக்குள் போய் ஒரு தெரிவை இட்டு, சிடியையும் போட வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் அந்தச் சிடி யாரிடம் இருந்தது? ஆகவே பாமினியே நிலைத்தது. கை பழகிய முறையை மாற்றச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் தட்டிப் பிழைப்பவரின் கோபம் நியாயமானது.

பாமினியில் கிடக்கும் ஃபைல் எழுத்துரு இருக்கும்போதே சில சங்கடங்களைத் தருகிறது. எக்ஸெல்லில் பிள்ளைகளின் பெயரைப் பாமினியில் தட்டி அகர வரிசைப்படுத்திப் பாருங்கள். யமுனா முதலில் நிற்பாள், அடுத்து கமலா, அதற்கும் பின்னால் அமுதா. ஏனென்றால் பாமினியில் 'ய' இருப்பது ஆங்கில ஏயின் இடத்தில், 'க' எஃப்பின் இடத்தில், 'அ' எம்மின் இடத்தில். கணினி தன் கணக்கில் சரியாகத்தான் அடுக்குகிறது. அதற்குத் தெரிந்தது ஆங்கில வரிசை மட்டுமே. தேடலும் அப்படித்தான். 'கொழுந்து' என்று யூனிகோடில் தேடினால், அந்தச் சொல் நூறு இடத்தில் வரும் பாமினி ஃபைலிலும் ஒன்றும் அகப்படாது. அந்தச் சொல்லின் முதல் எழுத்தையே இரண்டும் வெவ்வேறாகச் சேமிக்கின்றன. பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் தட்டி, பிறகு 'க', பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கு அது. யூனிகோடில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் ஒழுங்கு.

இதனால்தான் நம்மைப் பொறுத்தவரை கணினியை நம் வசதிக்கு அமைப்பதும் பேக்கப் எடுப்பதும் இரண்டு வேலைகள் அல்ல என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் வேலை செய்பவர் ஃபைலைக் கொப்பி எடுத்தால் போதும். உலகின் எந்த மெஷினும் அதைத் திறந்து காட்டும். பாமினியில் வேலை செய்பவர், தன் மெஷினை எப்படி அமைத்து வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும். எழுத்துரு, விசைப்பலகை, வேர்டில் செய்து வைத்த குறுக்குவழிகள் எல்லாம் அந்த அமைப்பில் அடக்கம்.

முதல் வேலை, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, பாமினியையும் அதன் உறவுக்கார எழுத்துருக்களையும் தேடிப்பிடித்து, வேலை ஃபைல்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு பிரதி வைப்பது. ஓர் எழுத்துரு ஃபைல் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. அடுத்து, வேர்டில் நீங்கள் உண்டாக்கிய குறுக்குவிசைகளும் வழமையான பக்க அமைப்பும் 'நோர்மல்' என்ற பெயருள்ள ஒரு வார்ப்புரு ஃபைலில் தங்கியிருக்கின்றன. அது மறைத்து வைக்கப்பட்ட 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் கிடப்பதால், டொகியுமென்ட்ஸை மட்டும் கொப்பி பண்ணுபவர் கையில் அகப்படாது. பிரிண்டருக்குரிய டிரைவர், எழுத்துமாற்றி, விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் ஃபைல் ஆகியவற்றையும் இதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். மேசைப் படம், ஐகன் அலங்காரம், ரெயின்மீட்டர் போன்றவை மனதுக்கு இன்பம்தான். அவை போனால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

விசைப்பலகை மாற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லை. இலங்கையின் தமிழ்த் தகவல்தொழில்நுட்பத் தரம் எஸ்எல்எஸ் 1326, 2008இல் வந்தது. அதன் விசைப்பலகை ரெங்கநாதன் முறை. அதற்குப் பழகுவது நல்லது. பழக நேரமில்லாதவருக்கும் வழி உண்டு. சென்னை நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் ரைட்டரிலும், தன்னார்வலர்கள் உருவாக்கிய ஈ-கலப்பையிலும் பாமினி விசைமுறை இருக்கிறது. விரல் பழைய இடத்திலேயே தட்டும். திரையில் விழுவது யூனிகோட். கடைக்காரர் ஒருவர் தன் வேகத்தை இழக்காமல் மாறுவதற்கு இதைவிட நல்ல பாலம் எனக்குத் தெரியவில்லை.

பழைய ஃபைல்களை மாற்ற என்எச்எம் கன்வேர்ட்டரும், புலம்பெயர் தமிழரான சுரதா யாழ்வாணனின் எழுத்துமாற்றியும் உதவும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு வினாத்தாளில் தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொற்களும் கணிதக் குறிகளும் இருந்தால், எழுத்துமாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழ்க் குப்பையாக்கிவிடும். வெறும் எழுத்தாக ஒட்டும்போது எது ஆங்கிலம், எது பாமினி என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. எனவே மூல ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். மூலம், பிடிஎஃப், யூனிகோட் என மூன்று வடிவிலும் வைத்திருங்கள். பிடிஎஃப் தன்னுள்ளேயே எழுத்துருவைச் சுமந்து போவதால் எங்கே திறந்தாலும் அச்சில் இருப்பதுபோலவே தெரியும். ஆனால் அதிலிருந்து எழுத்தைக் கொப்பி பண்ணினால் மறுபடியும் ஜேயும் கேயும்தான் வரும். தேடவும் திருத்தவும் யூனிகோட் வேண்டும். பேஜ்மேக்கரில் செய்த மலர்கள் இருந்தால் அவசரம் இன்னும் கூடுதல். அந்த மென்பொருளின் வளர்ச்சியை அடோபி 2004இலேயே நிறுத்திவிட்டது. அந்த ஃபைல்களைத் திறக்கத் தெரிந்த பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள்.

இனி பேக்கப்புக்கு வருவோம்.

கடைகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல் வார்த்தை: "டி டிரைவில போட்டிருக்கு, பயமில்லை." ஃபோர்மட் அடிக்கும்போது சி டிரைவ் மட்டும் அழியும், டி தப்பும், அந்த அளவுக்கு இது உண்மை. ஆனால் பெரும்பாலான மெஷின்களில் சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். சாகும் முன் அது பெரும்பாலும் அறிகுறி காட்டும். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்துகொள்கிறது. ஜப்பானில் உருவான கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சிறிய இலவச மென்பொருள் அந்தப் பதிவை எடுத்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. பழுதான பகுதிகளைக் கைவிட்டு வேறிடத்துக்கு மாற்றிய எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை நம்பாதீர்கள். மஞ்சள் தெரிந்த அன்றே ஃபைல்களை எடுத்துவிட வேண்டும். எடுத்து முடிக்கும்வரை ஸ்கேன் பண்ணுவது, டிஃபிராக் பண்ணுவது எதுவும் வேண்டாம்.

ஊவாவில் டிஸ்கின் எதிரிகள் வேறு. மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல் வேளைகளில் இடி மின்னல் இறங்கும். மின்னலின் அதிர்ச்சி கரன்ட் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. டெலிபோன் கம்பியில் ஓடும் ரவுட்டர் இருந்தால் அந்த வழியாகவும் உள்ளே வரும். யூபிஎஸ் கரன்ட் கட்டுக்கு உதவும். பக்கத்தில் விழும் மின்னலைத் தாங்கும் என்று நம்பக் கூடாது. பேக்கப் எடுத்த எக்ஸ்டேர்னல் டிஸ்கை மெஷினிலேயே செருகி வைத்திருந்தால் ஒரே மின்னலில் மூலமும் பிரதியும் போய்விடும். எடுத்து முடித்ததும் கழற்றுங்கள். அப்புத்தளைப் பக்கத்து ஈரமும் பனிமூட்டமும் இருக்கிற இடமென்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு வையுங்கள். எஸ்எஸ்டி என்றால் வருடக்கணக்கில் அலமாரியில் தூங்க விடக் கூடாது. எழுதும் ஆயுள் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் அந்தத் துறையின் தர நிர்ணயம். அதற்குமேல் அந்தத் தரம் உத்தரவாதம் தருவதில்லை.

பென் டிரைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலருக்குப் பேக்கப் என்றாலே அதுதான். கடைக்குக் கடை போய் வரும் பென் டிரைவில் ஷோர்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். திறந்தால் ஃபோல்டர்களுக்குப் பதிலாக அதே பெயரில் ஷோர்ட்கட்டுகள் நிற்கும். பலர் எல்லாம் போய்விட்டது என்று பதறி ஃபோர்மட் அடிக்கிறார்கள். அங்கேதான் உண்மையான இழப்பு நடக்கிறது. அந்த வைரஸ் பெரும்பாலும் ஃபைல்களை அழிப்பதில்லை. அவற்றுக்கு 'மறைவு', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளங்களை இட்டு ஒளித்து வைக்கிறது, அவ்வளவுதான். நல்ல ஆன்டிவைரஸ் உள்ள மெஷினில் செருகி, ஷோர்ட்கட்டுகளில் எதையும் கிளிக் பண்ணாமல், கொமாண்ட் பெட்டியில் 'அட்ரிப்' கட்டளையால் அந்த அடையாளங்களை நீக்கினால் ஃபைல்கள் அப்படியே திரும்பித் தெரியும். ஃபைல் உண்மையிலேயே அழிந்திருந்தாலும், அந்தப் பென் டிரைவில் புதிதாக எதையும் எழுதாதிருந்தால், ஃபோட்டோரெக் போன்ற மீட்பு மென்பொருள்கள் பெரும்பகுதியைத் தோண்டி எடுக்கக்கூடும். பெயர்கள் போய்விடும்; உள்ளடக்கம் கிடைக்கும்.

எடுக்கும் முறைக்கு வந்தால், ஃபைலைக் கொப்பி பண்ணுவது, இரண்டு இடங்களை ஒன்றுபோல வைப்பது, பழைய நிலைகளையும் சேர்த்து வைப்பது, டிஸ்கை முழுதாகப் படம் எடுப்பது என்று நான்கு வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் பேக்கப் என்றே சொல்வதால் குழப்பம் வருகிறது. ஒன்ட்ரைவ், கூகிள் டிரைவ் போன்றவை அடிப்படையில் இரண்டு இடங்களை ஒன்றுபோல வைப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். தவறுதலாக ஒரு பட்டியலைப் பாதி அழித்துவிட்டுச் சேவ் கொடுத்தால், சில விநாடிகளில் மேகத்திலும் பாதிப் பட்டியல்தான். அதனால் பழைய நிலைகளைச் சேர்க்கும் முறை வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ளேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரி இதைச் செய்கிறது. எக்ஸ்டேர்னல் டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கொரு தடவை, மாறிய ஃபைல்களின் புதிய நிலையைப் பழையதை அழிக்காமல் எழுதும். டி டிரைவில் இருப்பதை அது தானாக எடுக்காது. அந்த ஃபோல்டர்களைச் சேர்க்கும்படி நாம் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃப்ரீஃபைல்சிங்க். இலவசம். இடப்பக்கம் மெஷின், வலப்பக்கம் டிஸ்க். எது புதிது, எது மாறியது, எது அழிக்கப்பட்டது என்று செயலுக்கு முன்பே காட்டிவிடும். அழிந்தவற்றையும் மாறியவற்றின் பழைய பிரதிகளையும் திகதியிட்டு ஒரு தனி ஃபோல்டரில் சேர்க்கச் சொல்லலாம். இரண்டு பக்கத்தையும் ஃபைலின் உள்ளடக்கத்தைக் கொண்டே ஒப்பிடும் தெரிவும் உண்டு. அது நேரம் பிடிக்கும், ஆனால் பெயரும் அளவும் ஒன்றாக இருந்து உள்ளே மட்டும் பழுதான ஃபைலைப் பிடித்துவிடும். மாதம் ஒருமுறை அதை ஓட விட்டுச் சாப்பிடப் போகலாம்.

டிஸ்கை முழுதாகப் படம் எடுப்பதை முன்பு கடைகளில் 'கோஸ்ட் அடிக்கிறது' என்பார்கள். அந்த வேலையைச் செய்யும் மெக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 தொடக்கத்தோடு முடிந்தது. தைவானின் உயர்வேகக் கணிப்பு மையத்தில் உருவான குளோன்சில்லா இப்போதும் இலவசம். அதன் திரை மிரட்டுவதுபோல இருப்பவர்களுக்கு ரெஸ்கியூசில்லா இருக்கிறது. இரண்டும் பென் டிரைவிலிருந்தே இயங்கும். எழுத்துரு, பிரிண்டர், குறுக்குவிசை எல்லாம் அமைத்து முடித்த நாளில் ஒரு படம் எடுத்து வைத்தால், வைரஸ் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த நாளின் மெஷின் திரும்பக் கிடைக்கும். கடைக்காரர்களுக்கு இது பொன்னான வேலை. ஆசிரியருக்கு அவசியமில்லை, அவருக்குப் பாமினியும் பிடிஎஃப்பும் முதலில்.

இதெல்லாம் பெரிய இடங்களில் ஒழுங்காக நடக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணிமையை, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரென்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையைச் சில மணிநேரத்தில் மீட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் திரும்பவில்லை. அந்த மூன்று மாதத்துக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. இணைந்திருந்த பிரதிகளையும் தாக்குதல் பூட்டிவிட்டது. 2025 செப்டம்பர் 26ஆம் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரச தரவு மையம் எரிந்தபோது, ஊழியர்களின் 858 டெராபைட் வேலை ஃபைல்கள் சாம்பலாயின. அளவு மிகப் பெரியது என்று வெளியே பிரதி எடுக்காமல் விட்டிருந்தார்கள். இந்த நாடுகள் பட்டதும், மின்னலில் ஒரு கடை படுவதும் ஒரே பாடு: மூலத்தைவிட்டுப் பிரிந்த பிரதி இருக்கவில்லை.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் 2005இல் தம் நூலில் எழுதிப் பரவிய விதி ஒன்று உண்டு. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். இதில் மூன்றாவது பாகத்தை மலையகத்தில் கொஞ்சம் கடுமையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் பதுளை மாவட்டம் முழுக்கப் பல இடங்களில் மண் சரிந்தது. பக்கத்து வீட்டில், அதே தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் வைக்கும் பிரதி வேறிடத்துப் பிரதி ஆகாது. ஒரே மழை இரண்டையும் கொண்டுபோகும். இன்னொரு மலைக்கு, முடிந்தால் இன்னொரு மாவட்டத்துக்கு அது போக வேண்டும்.

இணையத்தில் ஏற்றலாமே என்றால், கணக்குப் பார்க்க வேண்டும். 100 கிகாபைட் புகைப்படத்தை விநாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் மேலேற்ற, இடைவிடாமல் 55 மணிநேரத்துக்கு மேல் ஆகும். டேட்டாக் காசு வேறு. நம்மிடம் இன்னொரு வழி இருக்கிறது. பதுளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களில் கொழும்பில் வேலை செய்யும் ஓர் அண்ணனோ தங்கச்சியோ இல்லாத குடும்பம் குறைவு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகும்போது பழைய டிஸ்கைக் கொண்டுவந்து புதியதைக் கொண்டுபோகட்டும். வருடத்துக்கு இருமுறை மாறும் பிரதி, கையில் இல்லாத தினசரிப் பிரதியைவிட எவ்வளவோ மேல். இடையில் சேரும் வேலைகளில் எழுத்து மட்டும் உள்ளவற்றை இணையத்தில் ஏற்றலாம். எழுத்துக்கு இடம் மிகக் குறைவு. பல வருட வினாத்தாள்கள் கூகிள் தரும் 15 கிகாபைட் இலவச இடத்தின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இந்த வேலையில் முதலில் எடுக்க வேண்டியவை வினாத்தாள்கள் அல்ல, குடும்பத்தின் ஆவணங்கள். மலையகத்தில் ஒரு காகிதம் இல்லாததால் என்ன நடந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்த தலைமுறைக்கு அதை யார் பதிந்து வைத்தார்கள்? 1949இன் சட்டம், இடையறாத வதிவுக்கு ஆதாரம் கேட்டது. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோதும், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்தவர் அல்லது அவர்தம் வழிவந்தவர் என்பதே அளவுகோல். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், பழைய செக்ரோல் துண்டு, தோட்டத்துப் பற்றுச்சீட்டு எதுவாக இருந்தாலும் ஸ்கேன் பண்ணி வையுங்கள். ஸ்கேன் பிரதி மூலத்துக்குப் பதிலாகாது என்பது சரி. ஆனால் பதிவு இலக்கமும் திகதியும் பதிவாளர் பிரிவும் கையில் இருந்தால், புதிய சான்றுப் பிரதி எடுப்பது எளிது. இல்லாவிட்டால் தேடித் தரச் சொல்லி ஓர் அலுவலகப் படியை எத்தனை தடவை ஏறுவது?

இவற்றைக் கடையில் ஸ்கேன் பண்ணினால், முடிந்ததும் கடை மெஷினிலிருந்து அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, நல்ல கடைக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வெளியே போகும் பிரதியை செவன்-சிப் போன்ற இலவச மென்பொருளால் கடவுச்சொல் போட்டுப் பூட்டலாம். அதன் ஏஇஎஸ்-256 பூட்டு உறுதியானது. கடவுச்சொல் மறந்தால் யாராலும் திறக்க முடியாத அளவுக்கு உறுதி. ஆகவே அதைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறொரு இடத்தில், வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வையுங்கள்.

தோட்டத்து வாழ்க்கையின் எழுத்துப் பதிவுகள் பல இன்னும் தனியார் மெஷின்களில்தான் கிடக்கின்றன. பாடசாலை மலர், காமன் கூத்து நோட்டீஸ், வாசகசாலையின் கையெழுத்துச் சஞ்சிகையைத் தட்டி எடுத்த பிரதி, வேலைநிறுத்தத் துண்டுப்பிரசுரம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் எழுத்தை ஸ்கேன் பண்ணி யாரும் இலவசமாக வாசிக்கும்படி இணையத்தில் வைத்து வருகிறது. மலையகம் சார்ந்த நூல்களும் இதழ்களும் அங்கே சேர்ந்துகொண்டிருக்கின்றன. உங்கள் டி டிரைவில் அப்படி ஏதும் இருந்தால் பிடிஎஃப் ஆக்கி அவர்களுக்குக் கொடுக்கலாம். பல பேர் தரவிறக்கி வைத்திருக்கும் ஒரு ஃபைலை எந்த மின்னலும் அழிக்காது.

எல்லாம் செய்த பிறகு ஒரு சோதனை பாக்கி. பேக்கப் டிஸ்கை வேறொருவரின் மெஷினில், உங்கள் எழுத்துரு எதுவும் இல்லாத மெஷினில் செருகச் சொல்லுங்கள். நீங்கள் தள்ளி நில்லுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு வினாத்தாள், போன மாதத்துப் பெயர்ப் பட்டியல், ஒரு பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் அவரே தேடி எடுத்து உரக்க வாசிக்கட்டும். எழுத்துரு எங்கே என்று அவர் உங்களைக் கேட்டால், அது இருக்குமிடத்தையும் போடும் முறையையும் யூனிகோடில் ஒரு பக்கம் எழுதி, டிஸ்கைத் திறந்ததும் கண்ணில் படும்படி வைத்துவிட்டு, அடுத்த நாள் இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.